எடை குறைக்க ஊசியா, மாத்திரையா? முடிவெடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"ஊசி போட்டா எடை குறையுமாமே?"

இரண்டு, மூன்று ஆண்டுகளாகக் குடும்ப நிகழ்ச்சிகளிலும் அலுவலக மதிய உணவு நேரத்திலும் அடிக்கடி காதில் விழுந்த கேள்வி இது.

இப்போது கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது.

"ஊசியே வேணாமாம். மாத்திரையே வந்துடுச்சாம். உண்மையா?"

உண்மைதான். ஆனால் அந்த "வந்துடுச்சாம்" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. மாத்திரை என்பதாலேயே அது லேசான மருந்து ஆகிவிடாது. ஊசிக்குப் பயந்து மாத்திரையைத் தேடுபவர்களும், ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டு மாத்திரைக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களும் இதைப் படித்துவிட்டு மருத்துவரைப் பார்த்தால் நல்லது.

என்ன புதிதாக வந்திருக்கிறது?

வெகோவி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடைக் குறைப்பு ஊசி அது. அதில் இருக்கும் மருந்தின் பெயர் செமாக்ளுடைட். நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் ஓசெம்பிக் ஊசியிலும் இருப்பது அதே மருந்துதான்.

அந்த வெகோவியின் மாத்திரை வடிவத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி அனுமதி கொடுத்தது. ஜிஎல்பி-1 வகை மருந்துகளில், எடையைக் குறைப்பதற்கென்றே அங்கு அனுமதி பெற்ற முதல் மாத்திரை அது.

"அப்போ ரைபெல்சஸ்?" என்று நீரிழிவு உள்ளவர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ரைபெல்சஸும் செமாக்ளுடைட் மாத்திரைதான். 2019ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் அது இரண்டாம் வகை நீரிழிவுக்கானது. அதன் அளவு ஒரு மாத்திரைக்கு 3, 7 அல்லது 14 மில்லிகிராம். எடைக் குறைப்புக்கான புதிய மாத்திரையில் அது படிப்படியாக 25 மில்லிகிராம் வரை போகிறது.

இந்த மருந்து உடலில் என்ன செய்கிறது?

நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது மூன்று வேலைகளைச் செய்கிறது.

- ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது இன்சுலினைச் சுரக்கும்படி கணையத்தைத் தூண்டுகிறது.
- உணவு வயிற்றிலிருந்து குடலுக்குப் போகும் வேகத்தைக் குறைக்கிறது.
- "போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது.

சிக்கல் என்னவென்றால், உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடங்களுக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். மருந்தாகப் பயன்பட வேண்டுமென்றால் அது நீண்ட நேரம் உடலில் தங்க வேண்டும்.

அதற்கு வழிகாட்டியது யார் தெரியுமா? அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லி! அதன் நஞ்சில் ஜிஎல்பி-1 போலவே செயல்படும், ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் அடிப்படையில் உருவான எக்செனடைட் என்ற நீரிழிவு ஊசி 2005இல் வந்தது. அதை ஒரு நாளில் இருமுறை போட வேண்டும். பின்னர் ஒரு நாளுக்கு ஒருமுறை, அதன் பின்னர் வாரத்துக்கு ஒருமுறை என்று ஊசிகள் மேம்பட்டன.

இந்த மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் பலர் சொல்வது ஒன்றுதான். "எப்பவும் சாப்பாட்டு நினைப்பாவே இருக்கும். அது அடங்கிடுச்சு."

எடை கூடுவது வெறும் சோம்பேறித்தனம், வாயைக் கட்ட முடியாத பலவீனம் என்று ஏளனமாகப் பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பசியும் நிறைவும் ஹார்மோன்களால் நடப்பவை. உடற்பருமன் ஒரு நாள்பட்ட நோய் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உலகில் 1 பில்லியனுக்கும் அதிகமானோர் அதனுடன் வாழ்கிறார்கள்.

அப்புறம் ஏன் முதலிலேயே மாத்திரையாகச் செய்யவில்லை?

செமாக்ளுடைட் என்பது புரதம் போன்ற ஒரு பொருள். நாம் சாப்பிடும் மீனையும் முட்டையையும் வயிறு எப்படிச் செரிக்கிறதோ அப்படியே இதையும் செரித்துவிடும். மிச்சம் இருந்தாலும் அதன் மூலக்கூறு பெரியது. வயிற்றின் சுவரைக் கடந்து ரத்தத்தில் கலப்பது கடினம். அதனால்தான் ஊசி.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாத்திரைக்குள் ஸ்நாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு துணைப்பொருளைச் சேர்த்தார்கள். மாத்திரை வயிற்றில் கரையும் இடத்தில் அது அமிலத்தின் கடுமையைச் சற்று நேரம் தணிக்கிறது. அந்த இடைவெளியில் மருந்து வயிற்றின் சுவர் வழியாக ரத்தத்துக்குள் போகிறது.

அப்படியும் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். விழுங்கும் மருந்தில் சுமார் 1 விழுக்காடோ அதைவிடக் குறைவாகவோதான் ரத்தத்தில் கலக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள்.

- வெகோவி ஊசி: வாரத்துக்கு 2.4 மில்லிகிராம்
- வெகோவி மாத்திரை: ஒரு நாளுக்கு 25 மில்லிகிராம், அதாவது வாரத்துக்கு 175 மில்லிகிராம்

ஏறக்குறைய 70 மடங்கு! அளவு கூடியிருப்பதால் மாத்திரை "ஸ்ட்ராங்" என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதி வீணாகப் போவதால்தான் அவ்வளவு தேவைப்படுகிறது. ஊசியின் அளவையும் மாத்திரையின் அளவையும் ஒப்பிட்டு நீங்களாகவே கணக்குப் போட்டு மாற்றக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

காலையில் கோப்பி குடிக்காமல் இருக்க முடியுமா?

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. மாத்திரை வேலை செய்யுமா, செய்யாதா என்பதே இதில்தான் இருக்கிறது.

செமாக்ளுடைட் மாத்திரையை இப்படித்தான் சாப்பிட வேண்டும்:

- காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில்.
- கொஞ்சம் வெறும் தண்ணீருடன். அரை கிளாஸ் அளவு, 120 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம்.
- முழுதாக விழுங்க வேண்டும். உடைக்கவோ மெல்லவோ கூடாது.
- அதன் பிறகு குறைந்தது 30 நிமிடங்களுக்கு எதுவும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது. வேறு மாத்திரைகளும் கூடாது.

"கோப்பி ஓ கொசோங் தானே, சீனிகூட இல்லையே" என்று சமாளிக்க முடியாது. அதுவும் கூடாது. தே தாரே, ஓட்ஸ், பிரசாதம் எதுவாக இருந்தாலும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வயிற்றில் வேறு ஏதாவது இருந்தால், ஏற்கெனவே குறைவாகச் சேரும் மருந்து இன்னும் குறைந்துவிடும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் தனிக் கவனம் எடுக்க வேண்டும். அதையும் பெரும்பாலும் காலையில் வெறும் வயிற்றில்தான் சாப்பிடச் சொல்வார்கள். இரண்டையும் எப்படிப் பிரித்துச் சாப்பிடுவது என்பதை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள், ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் இருப்பவர்கள் யோசித்துப் பாருங்கள். வாரத்தில் ஒருநாள் ஊசியா? அல்லது ஒவ்வொரு நாளும் அரை மணி நேரக் கட்டுப்பாடா? எது உங்கள் வாழ்க்கைக்கு ஒத்துவரும்?

இந்தக் கட்டுப்பாடு இல்லாத மாத்திரை உண்டா?

ஆர்ஃபோர்கிலிப்ரான் என்ற மருந்து அந்த வகை. ஜப்பானின் சுகாய் நிறுவனம் கண்டுபிடித்தது. 2018இல் அமெரிக்காவின் இலை லில்லி நிறுவனம் அதன் உரிமத்தைப் பெற்றது.

இது புரத வகை மருந்து இல்லை. சாதாரண மாத்திரைகளில் இருப்பதுபோன்ற சிறிய மூலக்கூறு. ஆனால் உடலில் ஜிஎல்பி-1 வேலை செய்யும் அதே இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வயிறு அதைச் செரித்துவிடாது என்பதால் சாப்பாட்டுக்கு முன், பின் என்ற கட்டுப்பாடு இல்லை. தண்ணீருக்கும் அளவு இல்லை. இத்தகைய மருந்தைத் தொழிற்சாலையில் தயாரிப்பதும் ஊசி மருந்தைவிட எளிது.

அதற்காக எல்லாச் சிறிய மூலக்கூறு மருந்துகளும் கரை சேர்ந்துவிடவில்லை. ஃபைசர் நிறுவனம் டனுகிலிப்ரான் என்ற இதே மாதிரியான மாத்திரையைச் சோதித்துவந்தது. சோதனையில் பங்கேற்ற ஒருவருக்கு மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று தெரியவந்ததும் 2025 ஏப்ரலில் அதைக் கைவிட்டது.

சோதனைகளும் அனுமதியும் ஏன் இவ்வளவு காலம் எடுக்கின்றன என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

எது அதிக எடையைக் குறைக்கும்?

எல்லாருக்கும் தெரிய வேண்டியது இதுதானே! பெரிய ஆய்வுகளின் சராசரி முடிவுகள் இவை. 90 கிலோகிராம் எடை உள்ள ஒருவரை வைத்துப் பார்ப்போம்.

- வெகோவி மாத்திரை 25 மில்லிகிராம்: 64 வாரங்களில் 13.6 விழுக்காடு. அதாவது சுமார் 12 கிலோ.
- ஆர்ஃபோர்கிலிப்ரான் மாத்திரை, ஆக அதிக அளவு: 72 வாரங்களில் 11.2 விழுக்காடு. சுமார் 10 கிலோ.
- வெகோவி ஊசி 2.4 மில்லிகிராம்: 68 வாரங்களில் 14.9 விழுக்காடு. சுமார் 13 கிலோ.
- மௌன்ஜாரோவில் உள்ள டிர்செபடைட் ஊசி 15 மில்லிகிராம்: 72 வாரங்களில் 20.9 விழுக்காடு. சுமார் 19 கிலோ.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, இவை தனித்தனி ஆய்வுகள். பங்கேற்றவர்கள் வேறு, காலம் வேறு. ஓட்டப்பந்தயத்தில் ஒரே தடத்தில் ஓடவிட்டுப் பார்த்த முடிவுகள் அல்ல. ஒரு விழுக்காடு, இரண்டு விழுக்காடு வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, எல்லா ஆய்வுகளிலும் மருந்துடன் உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனையும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. மருந்தை விழுங்கிவிட்டு வழக்கம்போல் சாப்பிட்டவர்களின் முடிவு அல்ல இது.

மூன்றாவது, சராசரி என்றால் சராசரிதான். சிலருக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல் குறைகிறது. சிலருக்கு அவ்வளவாகக் குறைவதே இல்லை.

மொத்தத்தில், செமாக்ளுடைட் மாத்திரை அதன் ஊசிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆக அதிகமாகக் குறைக்கும் ஊசியை மாத்திரைகள் இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை.

மாத்திரைன்னா பக்கவிளைவு குறைவா?

இல்லை. மருந்து எந்த வழியில் உள்ளே போனாலும் உடலில் செய்யும் வேலை ஒன்றுதான். அதனால் தொந்தரவுகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வெகோவி மாத்திரை ஆய்வில் 100 பேரில் 74 பேருக்கு வயிறு, குடல் தொடர்பான தொந்தரவுகள் இருந்தன. மருந்து இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 42. பெரும்பாலானவை மிதமானவை, நாளடைவில் குறைபவை.

அடிக்கடி வருபவை:

- குமட்டல், வாந்தி
- வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல்
- வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல்

இதனால்தான் மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மாதம் மாதமாகக் கூட்டுகிறார்கள். வெகோவி மாத்திரையில் 1.5, 4, 9, பின்னர் 25 மில்லிகிராம் என்று நான்கு படிகள். "சீக்கிரம் குறையட்டும்" என்று படியைத் தாண்டினால் வாந்திதான் மிஞ்சும்.

அரிதாக வருபவை, ஆனால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை:

- விடாத கடுமையான வயிற்றுவலி, அது முதுகுப் பக்கம் பரவுவது. கணைய அழற்சியாக இருக்கலாம்.
- வலப்பக்க மேல்வயிற்றில் வலி, காய்ச்சல், கண் மஞ்சளாவது. பித்தப்பைக் கல்லாக இருக்கலாம்.
- திடீரென ஒரு கண்ணில் பார்வை குறைவது. இது மிகமிக அரிது. செமாக்ளுடைட் எடுத்துக்கொள்ளும் 10,000 பேரில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2025இல் குறிப்பிட்டது.
- தண்ணீர்கூட உள்ளே நிற்காத அளவுக்கு வாந்தி. உடலில் நீர்ச்சத்து வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் சேர்ந்து போகிறது. வயதானவர்களுக்கு அது நல்லதல்ல. பசி இல்லை என்று நாள் முழுக்க ஒரு கிண்ணம் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முட்டை, மீன், கோழி, பருப்பு, தவ்ஹு, தயிர் என்று ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி, அதோடு குறைந்தது 2 நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி. சிங்கப்பூரில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு அது.

யாருக்கு இந்த மருந்து ஆகாது?

- கர்ப்பமாக இருப்பவர்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள் குறைந்தது 2 மாதங்களுக்கு முன்பே செமாக்ளுடைட்டை நிறுத்திவிட வேண்டும்.
- மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தங்களுக்கோ குடும்பத்தில் எவருக்கோ இருந்தவர்கள்.

கணைய அழற்சி ஏற்கெனவே வந்தவர்களும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிலிபிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். பழைய மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும்.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் கவனிக்க: டிர்செபடைட் ஊசி அதன் பலனைக் குறைக்கலாம்.

அறுவை சிகிச்சைக்கோ மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பரிசோதனைக்கோ போகிறீர்களா? இந்த மருந்து எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் முதல் நாளே சாப்பிடாமல் இருந்தாலும் வயிற்றில் உணவு மிச்சம் இருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

தைப்பூசத்துக்கோ புரட்டாசிக்கோ விரதம் இருப்பவர்கள், நோன்பு மாதத்தில் நோன்பிருப்பவர்கள் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பசி குறைவாக இருப்பதால் விரதம் எளிதாகத் தோன்றலாம். ஆனால் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் வாந்தியும் சேர்ந்தால் உடல் தாங்காது.

எனக்குத் தேவையா, தெரிஞ்சுக்கிறது எப்படி?

முதலில் பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீட்டைப் பாருங்கள். எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தின் மீட்டர் அளவால் இருமுறை வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: உயரம் 1.6 மீட்டர், எடை 72 கிலோ. 72ஐ 1.6ஆல் வகுத்தால் 45. அதை மறுபடி 1.6ஆல் வகுத்தால் 28.1.

சிங்கப்பூரில் 23 முதல் 27.4 வரை இருந்தால் மிதமான அபாயம். 27.5ஐத் தாண்டினால் அதிக அபாயம். மற்ற நாடுகளில் சொல்லப்படும் 25, 30 என்ற அளவுகளைவிட இது குறைவு. ஏன்? ஆசியர்களுக்கு, அதிலும் இந்தியர்களுக்கு, ஒப்புநோக்கக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. நீரிழிவும் இதய நோயும் சீக்கிரம் எட்டிப்பார்க்கின்றன.

ஆனால் அபாய அளவு வேறு, மருந்து கொடுக்கும் அளவு வேறு. எடைக் குறைப்பு மருந்துகள் பொதுவாகக் குறியீடு 30க்கு மேல் இருப்பவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து கூடவே ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்கும் என்றே ஆய்வு செய்யப்பட்டன. உலகச் சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, உடற்பருமன் உள்ள பெரியவர்களுக்கு இவற்றை நீண்டகாலச் சிகிச்சையாகக் கொடுக்கலாம் என்கிறது, ஆனால் நிபந்தனையோடு. உணவும் உடற்பயிற்சியும் கூடவே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

மகளின் கல்யாணத்துக்கு முன் 4 கிலோ குறைக்க வேண்டும், தீபாவளிச் சேலை ரவிக்கை பொருந்த வேண்டும் என்பதற்கெல்லாம் இது மருந்து அல்ல.

மறுபக்கம், உண்மையிலேயே தேவைப்படுபவர்களுக்கு இது அழகுக்கான மருந்தும் அல்ல. இதய நோயும் கூடுதல் எடையும் இருந்த 17,604 பேரிடம் வெகோவி ஊசி ஆராயப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் ஏற்படும் மரணம் ஆகியவற்றின் அபாயம் 20 விழுக்காடு குறைந்தது. "மருந்து போட்டு எடை குறைக்கிறாங்க, வெட்கமா இல்லையா" என்று உறவினர்கள் கேட்டால், ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட எவரும் வெட்கப்படுவதில்லை என்று சொல்லுங்கள்.

எவ்வளவு காலம் சாப்பிடணும்? நிறுத்தினால்?

பலர் கேட்கத் தவறும் கேள்வி இதுதான்.

வெகோவி ஊசியை ஒன்றேகால் ஆண்டு போட்டுவிட்டு நிறுத்தியவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குறைந்த ரத்த அழுத்தமும் மறுபடி ஏறத் தொடங்கியது.

மருந்து நின்றதும் பசி திரும்பும். அது உங்கள் தவறு அல்ல. ஆனால் தொடங்கும்போதே "எத்தனை ஆண்டு?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாத்திரை இங்கேதான் பெரிய உதவியாக இருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. ஊசியில் எடையைக் குறைத்துவிட்டு, மாத்திரையில் அதைக் காத்துக்கொள்வது. ஆர்ஃபோர்கிலிப்ரானை வைத்து அப்படி ஓர் ஆய்வு நடந்தது. வெகோவி ஊசியிலிருந்து மாறியவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1 கிலோவுக்கும் குறைவாகவே எடை திரும்பியது. டிர்செபடைட் ஊசியிலிருந்து மாறியவர்களுக்குச் சுமார் 5 கிலோ திரும்பியது.

விலை?

அமெரிக்காவில் வெகோவி மாத்திரையின் தொடக்க அளவு, சொந்தப் பணத்தில் வாங்குபவர்களுக்கு மாதம் 149 அமெரிக்க டாலர் என்று அறிவிக்கப்பட்டது. அளவு கூடினால் விலையும் கூடும். அங்கு ஊசிகள் தொடக்கத்தில் மாதம் 1,000 டாலரைத் தாண்டிய விலையில் விற்கப்பட்டன. மாத்திரையின் வருகை விலையைக் கீழே இழுக்கும் என்ற எதிர்பார்ப்பு அதனால்தான்.

அந்த விலையை அப்படியே இங்குள்ள வெள்ளிக்கு மாற்றிக் கணக்குப் போட வேண்டாம். ஒவ்வொரு நாட்டிலும் விலை வேறு. மருந்தின் விலையோடு ஆலோசனைக் கட்டணமும் ரத்தப் பரிசோதனைச் செலவும் சேரும். ஒரு மாதச் செலவை 12ஆல் பெருக்கிப் பாருங்கள். பிறகு, அதை இரண்டு, மூன்று ஆண்டுக்குத் தாங்க முடியுமா என்று பாருங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிறுத்துவது உடலுக்கும் பைக்கும் நட்டம்.

"இன்டர்நெட்ல மலிவா கிடைக்குது, வாங்கலாமா?"

வேண்டவே வேண்டாம். இதைச் சொல்வதற்குச் சிங்கப்பூருக்கு ஒரு கசப்பான காரணம் இருக்கிறது.

2002ஆம் ஆண்டு. நடிகை ஆண்ட்ரியா டி குரூஸ் எடை குறைக்க 'ஸ்லிம் 10' என்ற மாத்திரையைச் சாப்பிட்டார். முகம் தெரியாத கடைக்காரரிடம் வாங்கியது அல்ல. தெரிந்த ஒருவர் வழியாகக் கிடைத்தது. அவருடைய கல்லீரல் செயலிழந்தது. அப்போது அவருடைய காதலராக இருந்த நடிகர் பியர் பங் தமது கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்ததால் உயிர் பிழைத்தார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட மற்றொரு பெண் உயிர் பிழைக்கவில்லை.

மாத்திரையில் இருந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டது ஃபென்ஃபுளூரமைன் வகைப் பொருள். ஃபென்ஃபுளூரமைன் இதய வால்வுகளைப் பாதிப்பதாகத் தெரியவந்து 1997லேயே அமெரிக்காவில் மீட்டுக்கொள்ளப்பட்ட மருந்து.

சிபுட்ரமின் கதையும் அப்படித்தான். ஒருகாலத்தில் மருத்துவர்கள் கொடுத்த எடைக் குறைப்பு மாத்திரை அது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. ஆனாலும் இணையத்தில் விற்கப்படும் 'ஸ்லிம்மிங்' காப்பி, மிட்டாய், 'மூலிகை' மாத்திரைகளில் அது ஒளிந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் மறுபடி மறுபடி கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது. பெட்டியில் 'இயற்கையானது' என்று எழுதியிருக்கும். உள்ளே சிபுட்ரமின் இருக்கும்.

இப்போது வரும் மோசடி, பெயர்பெற்ற மருந்துகளின் பெயரில். டெலிகிராமிலும் சமூக ஊடகங்களிலும் 'ஜிஎல்பி-1 மாத்திரை', 'ஜிஎல்பி-1 சொட்டு மருந்து', 'ஒட்டுப் பட்டை' என்று விற்கிறார்கள். எப்படி அடையாளம் காண்பது?

- மருத்துவரின் சீட்டு கேட்காமல் விற்றால் சந்தேகப்படுங்கள். இவை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே விற்கப்படும் மருந்துகள்.
- "பக்கவிளைவே இல்லை", "2 வாரத்தில் 10 கிலோ" என்றால் அது பொய்.
- நண்பர் மிச்சம் வைத்த ஊசி, மாத்திரை எதையும் வாங்காதீர்கள். ஊசிப் பேனாவைப் பகிர்ந்தால் நோய்த்தொற்றும் சேர்ந்து வரும்.
- எல்லை தாண்டிப் போய் வாங்கினால் மலிவு என்று யாராவது சொன்னாலும், மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஒரே பார்வையில்

ஊசி யாருக்கு ஒத்துவரலாம்?
- வாரம் ஒருமுறையோடு முடித்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு
- அதிக எடை குறைய வேண்டியவர்களுக்கு
- காலையில் வேறு பல மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு

ஊசியின் சங்கடம்: குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். 30 பாகை செல்சியஸுக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. நம் ஊர் வெயிலில், காரிலோ பையிலோ மறந்து வைத்துவிட்டால் அவ்வளவுதான்.

மாத்திரை யாருக்கு ஒத்துவரலாம்?
- ஊசி என்றாலே கை நடுங்குபவர்களுக்கு
- அடிக்கடிப் பயணம் செய்பவர்களுக்கு
- ஊசியில் குறைந்த எடையைத் தக்கவைக்க நினைப்பவர்களுக்கு, மருத்துவர் ஒப்புக்கொண்டால்

மாத்திரையின் சங்கடம்: தினமும் மறக்காமல் சாப்பிட வேண்டும். செமாக்ளுடைட் என்றால் அந்த அரை மணி நேரக் காத்திருப்பும் உண்டு.

மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கேட்கலாம்?

1. என் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தால் எனக்கு மருந்து தேவையா?
2. இந்த மருந்து இங்கு எடைக் குறைப்புக்காகப் பதிவாகியிருக்கிறதா, நீரிழிவுக்கு மட்டுமா?
3. நான் இப்போது சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துப்போகுமா?
4. எத்தனை மாதத்தில் பலன் தெரிய வேண்டும்? தெரியாவிட்டால் என்ன செய்வோம்?
5. எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்? எப்படி நிறுத்துவோம்?
6. மொத்தச் செலவு எவ்வளவு? காப்புறுதியோ மெடிசேவோ உதவுமா?

'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் சேர்ந்திருந்தால், உங்களை ஏற்கெனவே அறிந்த குடும்ப மருத்துவர் இருக்கிறார். அவரிடமிருந்தே தொடங்கலாம். போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

ஊசியா, மாத்திரையா என்பது இரண்டாவது கேள்விதான். "எனக்கு இது தேவையா? தேவையென்றால், விடாமல் தொடர முடியுமா?" என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால், அடுத்ததை மருத்துவரும் நீங்களும் சேர்ந்து எளிதாக முடிவு செய்துவிடலாம்.